கண் திறந்த ராணியும் அவசரக்காரி நாகலெட்சுமியும்

நாகலெட்சுமி எட்டாம் மாதத்தில் பிறந்தவள். உள்ளே சும்மா கிடந்து என்ன செய்வது, வெளியே போய் ஏதாவது வேலையைப் பார்ப்போம் என்று புறப்பட்டு வந்துவிட்டாளாம். மருத்துவிச்சி கை கழுவத் தண்ணீர் கேட்டு, அந்தத் தண்ணீர் வந்து சேர்வதற்குள் பிள்ளை வெளியே கிடந்து, 'என்ன, இன்னும் ஒருவரும் கிளம்பவில்லையா' என்பதுபோல எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தது என்று றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களில் சொல்வார்கள். பார்த்தவர்கள் சத்தியம் செய்கிறார்கள். பார்க்காதவர்கள் இன்னும் பலமாகச் சத்தியம் செய்கிறார்கள்.

அன்று பிடித்த அவசரம் அவளை விடவில்லை. சோறு பாதி வேகும்போதே வடிப்பாள். சேலை பாதி உலரும்போதே உடுத்துவாள். சாதாரண தரப் பரீட்சைக்குப் போனவள், மண்டபத்தைவிட்டு முதல் ஆளாக வெளியே வந்து வெற்றிக்கொடி நாட்டினாள். கேள்வித்தாளுக்குப் பின்பக்கமும் உண்டு என்று மறுநாள் யாரோ சொன்னபோது, "அதானா எல்லாரும் அம்புட்டு நேரம் உள்ளயே கெடந்தாங்க!" என்று அவர்களுக்காக இரக்கப்பட்டாள்.

பிறகு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனாள். கொழுந்தோடு முற்றல் இலை, முற்றலோடு குச்சி, குச்சியோடு ஒருநாள் உயிருள்ள ஓணான் ஒன்று, எல்லாம் அவளுடைய கூடைக்குள் விழுந்தன. கங்காணி கூடையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "தாயே, நீ கொழுந்து பறிக்கிறியா, இல்ல மலையத் தொடைக்கிறியா?" என்று கேட்டார். அவள் மலையில் நின்ற வரைக்கும் தேயிலையின் தரம் எந்த அளவுக்கு உயர்ந்தது என்பதைத் தொழிற்சாலைக்காரர்கள் இன்றும் கண்ணீரோடு நினைவுகூர்கிறார்கள்.

உலகத்தில் அவளைப் புகழ்ந்த இடம் ஒன்றே ஒன்று. அது கட்டுநாயக்கவில் இருந்த தையல் தொழிற்சாலை. அங்கே ஒருத்தி ஒரு சட்டையைத் தைப்பதில்லை. ஒருத்தி கழுத்துப்பட்டி மட்டும், அடுத்தவள் கை மட்டும், அதற்கடுத்தவள் பொத்தான் மட்டும். சட்டை நகரும், ஆள் நகரமாட்டாள். நாகலெட்சுமிக்கு இது தனக்காகவே படைக்கப்பட்ட உலகமாகத் தெரிந்தது. அங்கிருந்து லீவில் வரும்போதுதான் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அவிசாவளையில் அவள் பெயரைக் கேட்டான். கினிகத்தேனை வருவதற்குள் அவள் கல்யாணத்துக்குச் சம்மதித்துவிட்டாள்; தொழிற்சாலை வேலை அதோடு போயிற்று. அந்தக் கணவன் இப்போது கொழும்பில் ஒரு இரும்புக்கடையில் வேலை செய்கிறான். தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் வந்து, தான் இன்னும் இருப்பதை உறுதி செய்துவிட்டுப் போகிறான்.

லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், அவளோடு இருப்பது ஐந்து வயது மகள் கிருஷாந்தியும், மாமியார் காளியாயியும். காளியாயி நாற்பது வருடம் கொழுந்து பறித்து ஓய்ந்தவள். ஓய்ந்தது கைகள் மட்டும்தான். வாய் இன்னும் முழுநேர வேலையில் இருந்தது.

அந்த வாய் சில மாதங்களாக ஒரே ஊரின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது: குவைத். காரணம், பக்கத்துக் காம்பரா ராக்காயி வீட்டுக்கு வந்திறங்கிய ஒரு வாஷிங் மெஷின். ராக்காயியின் மருமகள் குவைத்தில் வீட்டுவேலை செய்து அனுப்பியது. லயத்துக் குழாயில் காலையில் கொஞ்ச நேரம் நூல்போலத் தண்ணீர் வரும். அதை நம்பி அந்த மெஷின் வேலை செய்தால் ஒரு கைக்குட்டை துவைக்க ஒரு வாரம் ஆகும். ஆகவே அது இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், பூப்போட்ட துணி போர்த்தி, தலையில் பிளாஸ்டிக் ரோஜாவோடு, மணப்பெண்ணைப்போல நிரந்தரமாக வீற்றிருந்தது. காளியாயி அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் பெருமூச்சு விடுவாள்.

"நம்ம வீட்லயும் ஒருத்தி இருக்கா. கையும் காலும் நல்லாத்தான் இருக்கு" என்பாள், மருமகளின் காதில் விழும்படி சுவரைப் பார்த்து.

நாகலெட்சுமிக்குத் தெரிந்தது வேறொரு செய்தி. ராக்காயியின் மருமகள் போன தடவை லீவில் வந்தபோது, அவளுடைய மகன் அந்த மெஷினுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அந்த ஆன்ட்டி எப்ப போவாங்க?" என்று பாட்டியிடம் கேட்டான். மெஷினைப் பற்றி ஊர் முழுக்கப் பேசிய ராக்காயி இதைப் பற்றி மட்டும் பேசவில்லை. சுவர் மெல்லியது; நாகலெட்சுமியின் காதில் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு குவைத் என்ற பேச்சு எழுந்தாலே அவள் கிருஷாந்தியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவாள். ஆனால் அவளுக்கு வேறு நிரந்தர வேலையும் இல்லை. கடைசியில் ஹட்டனில் இருந்த ஏஜென்ட்டின் கைக்கு அவளுடைய பாஸ்போர்ட் போய்ச் சேர்ந்தது. வாழ்க்கையில் அவள் மெதுவாகச் செய்த முதல் காரியம் அதுதான். பஸ் தரிப்பிடத்திலிருந்து, எதிரே இருந்த ஏஜென்ட் ஆபீசுக்குப் போக அரைநாள் எடுத்துக்கொண்டாள்.

இந்த நேரத்தில்தான் சஜ்ஜாத் கூப்பிட்டான்.

சஜ்ஜாத் ஹட்டனில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கும் பையன். அவனுடைய கடைக்கு நாகலெட்சுமி சீசனுக்குச் சீசன் பிளாஸ்டர் கிளிகளுக்கு வர்ணம் பூசிக் கொடுப்பாள். மற்றவர்கள் ஒரு கிளியை முடிப்பதற்குள் அவள் ஒரு கூடைக் கிளியை முடித்துவிடுவாள். பச்சை அழகாக இருக்கும், மூக்குச் சிவப்பு அழகாக இருக்கும். கண் மட்டும் ஒன்று கொழும்பைப் பார்க்கும், ஒன்று கண்டியைப் பார்க்கும். அவள் கைக்கு அந்தச் சின்னப் புள்ளி மட்டும் பிடிபடவில்லை. வாங்குகிறவர்கள் அதுவும் கிளிக்கு ஒரு குணம் என்று நினைத்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

சஜ்ஜாத் மேசையில் ஒரு பெட்டியைத் திறந்து வைத்தான். உள்ளே விரல் உயரத்தில் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் பொம்மைகள் பெட்டி கொள்ளாமல் குவிந்து கிடந்தன. வாள் பிடித்த சிப்பாய்கள், கொம்பு முளைத்த அசுரர்கள், எலிமுகக் குள்ளர்கள். நடுவே நான்கு கைகளோடு, நாக்கை நீட்டிக்கொண்டு, இடுப்பில் பாம்பைச் சுற்றிய ஒரு ராணி.

"இது என்னா சின்ன மொதலாளி, கொலு வைக்கவா?"

"இல்லக்கா, பலகையில வச்சி வெளயாடுற சாமான். கொழும்புல நம்ம மாமிட மகள் அஃப்னா இதுக்குன்னே ஒரு கடை போட்டிரிக்கி. தாடி வச்ச பெரிய பெரிய ஆளுங்க, கம்ப்யூட்டர் வேல செய்றவங்க, ஞாயித்துக்கெழம வந்து இத வச்சி வெளயாடுறாங்க."

"அதுக்குச் சம்பளம் குடுப்பாங்களா?"

"அவங்கதான் காசு குடுக்கணும்."

நாகலெட்சுமி சிறிது நேரம் கொழும்பை நினைத்துப் பரிதாபப்பட்டாள்.

"பெய்ன்ட் அடிச்சிக் குடுத்தா நல்ல வெல போகுமாம். ஆனா அஃப்னா பாத்த ஆளுங்க ஒரு பொம்மைக்கு ஒரு வாரம் எடுக்குறாங்களாம். நல்லாவும் இரிக்கணும், வேகமாவும் வேணும். அடுத்த சனிக்கெழம அஃப்னா வந்து பாக்கும். புடிச்சா மாசாமாசம் பெட்டி வரும். ஒண்ணு கொறஞ்சாலும் வெளயாட்டு நடக்காது, அத மட்டும் பாத்துக்கங்க. ராணி ஒண்ணே ஒண்ணுதான் இரிக்கி."

மாசாமாசம் பெட்டி. நாகலெட்சுமி பெட்டியை அணைத்துக்கொண்டு, மிச்சப் பேச்சைக் கேட்காமலே பஸ் ஏறிவிட்டாள். இது சரியாக வந்தால் அவள் றொசல்லயில். வராவிட்டால் குவைத்தில். நடுவில் இருந்தது ஒரு பெட்டிப் பொம்மை.

கட்டுநாயக்க அவளுக்குள் விழித்துக்கொண்டது. லயம் முழுக்கச் சுற்றி மருந்துப் போத்தல் மூடிகளைச் சேகரித்து, ஒவ்வொரு மூடியிலும் ஒரு பொம்மையை ஒட்டினாள்; மூடியைப் பிடித்தால் பொம்மையில் விரல் படாது. எல்லாவற்றையும் அரிசி புடைக்கும் சொளகுகளில் வரிசையாக நிறுத்தினாள். முதலில் கறுப்பு ஸ்பிரே. அதை ஈரக்காற்றில் அடித்தால் வெள்ளை பூத்துவிடும். றொசல்ல மலையிலோ பனிமூட்டம் விலகுவதென்பது வருடத்துக்கு இரண்டு முறை நடக்கும் அதிசயம். வெயில் எட்டிப் பார்த்ததும் அவள் சொளகோடு வெளியே பாய்வாள். அடித்துவிட்டு மூட்டம் வருவதற்குள் உள்ளே பாய்வாள். அந்த வாரம் அவள் ஓடிய ஓட்டத்துக்கு ஒலிம்பிக்கில் தனியாக ஒரு பதக்கம் உண்டு. மலையகத்துக்கு யாரும் அதைக் கொண்டுவந்து தராததால் நமக்குத் தெரியாமல் போய்விட்டது.

அப்புறம் வரிசை வேலை. ஒரு பொம்மையை எடுத்து முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவது சோம்பேறிகள் வேலை என்பது அவள் கட்சி. எல்லா அசுரருக்கும் பச்சை. பச்சை முடிந்ததும் எல்லோருடைய தோல்வாருக்கும் தவிட்டு நிறம். அது முடிந்ததும் எல்லா வாளுக்கும் வெள்ளி. கடைசி வாளுக்கு வருவதற்குள் முதல் வாள் காய்ந்திருக்கும். இதுவரைக்கும் பார்த்தால் பள்ளிக்கூடப் பிள்ளை கலர் அடித்த மாதிரிதான் இருக்கும். அதற்கு மேல்தான் வித்தை. கறுத்த தவிட்டு வர்ணத்தைத் தண்ணீரில் தேநீர்போலக் கரைத்து, பாத்திரம் கழுவும் சோப்பில் ஒரு சொட்டு விட்டு, பொம்மையின் தலைமேல் தாராளமாகத் தடவிவிடுவாள். அது தானாக வழிந்து, மடிப்பிலும் குழியிலும் போய்த் தங்கி நிழலாகிவிடும். காய்ந்ததும், பிரஷில் வெளிர் நிறத்தைத் தொட்டு, பழைய சேலையில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, மேட்டு விளிம்புகளை மட்டும் தூசு தட்டுவதுபோலத் தட்டுவாள். அவ்வளவுதான். குள்ளனுக்கு மூக்கு எழும்பும். அசுரனுக்கு நரம்பு புடைக்கும். வேலை செய்தது வர்ணமும் தண்ணீரும், பெயர் நாகலெட்சுமிக்கு.

புதன்கிழமையே எல்லாம் முடிந்துவிட்டது. கண்ணைத் தவிர.

கிளிகளை நினைத்தபோது அவளுக்குத் துணிவு வரவில்லை. ஆகவே நல்லமுத்துவைக் கூப்பிட்டாள். அங்கேதான் பிடித்தது சனியன்.

நல்லமுத்து காளியாயியின் தம்பி. கோயில்களுக்கு வர்ணம் பூசுகிறவர். அவருடைய கை சுத்தமான கை, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கை அசைவதைக் கண்ணால் கண்டவர்கள் குறைவு. தோட்டத்து மாரியம்மன் கோயில் மயிலுக்கு அவர் வர்ணம் பூசத் தொடங்கியபோது நோட்டன் பிரிட்ஜ் ரோட்டுக்குப் புதிதாகத் தார் போட்டார்கள். ரோடு தேய்ந்து, குழி விழுந்து, மறுபடியும் தார் போட்டாயிற்று. மயிலுக்கு இன்னும் ஒரு கால் பாக்கி. கோயில் கமிட்டியில் மூன்று தலைவர்கள் அந்த மயிலைப் பார்த்தே கிழவரானார்கள்.

அவர் வந்து சொளகுகளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"யாரு, நீயா செஞ்ச?"

"ஆமா சித்தப்பா. கண்ணு மட்டும் வச்சிக் குடுங்க. சும்மா டக்கு டக்குன்னு ரெண்டு புள்ளி."

நல்லமுத்துவின் முகம், சந்நிதியில் யாரோ செருப்போடு ஏறிவிட்டதைப்போல மாறியது. "டக்கு டக்குன்னா? கண்ணத் தொறக்குறதுன்னா என்னான்னு நெனச்ச? நேரம் பாக்கணும். தெர கட்டணும். தொறந்தவொடன மொதப் பார்வ ஆள் மேல படக்கூடாது, கண்ணாடி காட்டணும்."

"இது வெளயாட்டுச் சாமான் சித்தப்பா!"

"கண்ணுக்கு அது தெரியுமா?"

இதற்குப் பதில் சொல்ல நேரம் போதாது என்று நாகலெட்சுமி விட்டுவிட்டாள். அது தப்பு. அவள் கூட்டுறவு ஸ்டோருக்குச் சீனி வாங்கப் போய், மத்தியானம் தாண்டியும் வரிசையில் நின்ற நேரத்தில், நல்லமுத்து தன் முறைப்படி, மூத்தவள் யார் என்று பார்த்து, ராணியை எடுத்தார். சேலையால் திரை கட்டினார். பத்தி கொளுத்தினார். நாலே முடியால் ஆன பிரஷை நாக்கில் வைத்துக் கூராக்கி, பகல் சாப்பாட்டையும் மறந்து, அந்தக் கடுகளவு முகத்தில் இரண்டு கண்களை எழுதினார். முகம் பார்க்கும் கண்ணாடியை அவளுக்குக் காட்டித் திரையை விலக்கினார்.

எதை மறுத்தாலும் இதை மறுக்க முடியாது: கண்கள் அற்புதமாக இருந்தன. எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தன. அடுப்படியில் இருந்த பூனை எழுந்து வெளியே போய்விட்டது.

அப்போதுதான் காளியாயி தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்தாள். நான்கு கை, நீட்டிய நாக்கு, இடுப்பில் பாம்பு, நேராகத் தன்னையே பார்க்கும் இரண்டு கண்கள், பத்தி வாசம், பக்கத்தில் கண்ணாடியோடு தம்பி. குடத்தைக் கீழே வைத்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"தாயி! எங்க காம்பராவத் தேடியா வந்த?"

நாகலெட்சுமி சீனியோடு திரும்பியபோது, ராணி மருந்துப் போத்தல் மூடியோடு சுவரில் இருந்த சாமித் தட்டில், முருகனுக்கும் பிள்ளையாருக்கும் நடுவே, நெற்றியில் குங்குமமும் கழுத்தில் ஒற்றை மல்லிகையுமாகக் குடியேறியிருந்தாள். முன்னால் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் எரிந்திருந்தால் தாயி உருகித் தட்டோடு ஐக்கியமாகியிருப்பாள்.

"அத்த! அது கடச் சாமான்! சனிக்கெழம குடுக்கணும்!"

"எது கடச் சாமான்? கண்ணு தொறந்தாச்சு, கண்ணாடி காட்டியாச்சு, கற்பூரமும் ஏத்தியாச்சு. இனி இவள தாடிக்காரங்க உருட்டி வெளயாடக் குடுக்கச் சொல்றியா?"

"குடுக்காட்டி வேல போயிரும் அத்த."

"போனா போகட்டும். அதான் குவைத் இருக்குல்ல."

நாகலெட்சுமி நல்லமுத்துவிடம் திரும்பினாள். "சித்தப்பா, தொறந்த கண்ண மூட முடியாதா?"

நல்லமுத்து யோசித்தார். அவர் யோசிப்பதும் மயிலுக்கு வர்ணம் பூசுவதும் ஒரே வேகம். "முடியும். சக்திய ஒரு கொடத்துல எறக்கி வைக்கணும். அதுக்கு ஒரு மொற இருக்கு. வர்ற தையில பாக்கலாம்."

"வர்ற தையில நான் பாலைவனத்துல இருப்பேன்!"

வியாழன் போனது. வெள்ளி போனது. நாகலெட்சுமி கெஞ்சினாள், கோபித்தாள், சாப்பிடாமல் கிடந்தாள். அவள் சமைத்ததைத் தானும் சாப்பிடவேண்டியதில்லை என்று காளியாயி மகிழ்ச்சியாகவே இருந்தாள். நல்லமுத்து மட்டும், "மத்ததுங்களுக்கும் கண்ணு தொறந்துருவமா?" என்று பிரஷோடு வந்து நின்றார். பெட்டி முழுக்க இருந்த அசுரர்களும் குள்ளர்களும் சாமித் தட்டில் ஏறி உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்த நாகலெட்சுமி, சொளகுகளுக்கு முன்னால் குறுக்கே படுத்துக்கொண்டாள்.

"ஒருத்தருக்கும் வேணாம் சித்தப்பா. குருடாவே போகட்டும்."

சனிக்கிழமை விடிந்தது. கிருஷாந்தியை ராக்காயி தன் பேரனோடு அறநெறி வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஹட்டன் பஸ்ஸுக்கு இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. காளியாயி சாமித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, "சரி, இப்புடிச் செய்வோம். தாயிகிட்டயே கேட்டுருவோம்" என்றாள். "பூக் கட்டிப் பாப்போம். செவப்பு வந்தா அவ பெட்டியோட போறா. வெள்ள வந்தா இங்கனயே இருக்கா. அவ முடிவு, நம்ம ஒண்ணும் பேசப்படாது."

லயத்தில் கல்யாணமும் காடாற்றும் இப்படித்தான் முடிவாகும். இதற்கு மேல் கோர்ட் கிடையாது.

"எனக்குக் குனிய முடியல, இடுப்பு வலிக்குது. நீயே பூவப் பறிச்சிக் கட்டிக்கிட்டு வா. ஒரே மாதிரி கட்டணும், விபூதி வச்சி."

நாகலெட்சுமி லயத்துக்குப் பின்னால் ஓடினாள். வேலியில் செம்பருத்தி பூத்திருந்தது; பக்கத்தில் வெள்ளைச் செவ்வந்தி. அவள் இரண்டையும் பறித்தாள். வாழையிலைக் கிழிசலில் செம்பருத்தியை வைத்து நூலால் கட்டினாள். அடுத்த கிழிசலை எடுத்தாள். வெள்ளைச் செவ்வந்தி கையில் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அது அவளைப் பார்த்தது. கீழே வடிகால் கானில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. செவ்வந்தி எப்படியோ கை தவறி அதில் விழுந்துவிட்டது. என்ன செய்வது, நேரமில்லை. இன்னொரு செம்பருத்தியைப் பறித்து வைத்துக் கட்டிவிட்டாள்.

இரண்டு பொட்டலமும் ராணியின் முன்னால் வைக்கப்பட்டன. சின்னப் பிள்ளை எடுப்பது வழக்கம். பிள்ளை இல்லாததால் நல்லமுத்துவை எடுக்கச் சொன்னார்கள். அவர் கண்ணை மூடினார். கையை நீட்டினார். நிறுத்தினார். வலது பொட்டலத்தின் மேல் கையை வைத்துப் பார்த்தார். இடது பொட்டலத்தின் மேல் வைத்துப் பார்த்தார். இரண்டையும் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தார். கீழே வளைவில் பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது.

"தம்பி, நீ எந்திரி. நீ எடுக்கறதுக்குள்ள பூ காய்ச்சிப் பழமாயிரும்" என்று காளியாயி தானே ஒன்றை எடுத்துப் பிரித்தாள். செம்பருத்தி.

"போறேங்குறா" என்றாள் காளியாயி. முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. மற்றப் பொட்டலத்தைப் பிரிக்காமல் எடுத்துத் தன் மடியில் செருகிக்கொண்டாள். நாகலெட்சுமி அதை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். ஆனால் பஸ் வந்துவிட்டது. ராணியைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு ஓடினாள். நெற்றிக் குங்குமத்தை மட்டும் தொடக்கூடாது என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது.

சஜ்ஜாத்தின் கடையில் அஃப்னா காத்துக்கொண்டிருந்தாள். மூக்குக்கண்ணாடி போட்ட சின்னப் பெண். பொம்மைகளை ஒவ்வொன்றாக மேசையில் நிறுத்தினாள். ஒன்றைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தாள். பிறகு கையை நீட்டித் தூரப் பிடித்தாள். மறுபடி கிட்ட.

"அக்கா, ஒருத்தருக்கும் கண் வைக்கல்லயே?"

"குழியில நிழல் இருக்கு பாருங்க மிஸ். கைத் தூரத்துல வச்சா அதுவே கண்ணு மாதிரித் தெரியும்."

"ம். அது சரிதான். தெரியிது." அஃப்னா ராணியைத் தூக்கினாள். தூக்கியவள் அப்படியே நின்றாள். பெண்ணும் பொம்மையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் பார்வையைத் திருப்பியது அஃப்னாதான். "இவங்களுக்கு மட்டும் ஏன் இப்பிடி?"

நாகலெட்சுமியின் அவசரப் புத்தி வாழ்க்கையில் முதல் தடவையாக உருப்படியாக வேலை செய்தது. "அவங்க தொரையம்மா மிஸ். மத்ததெல்லாம் வேலக்காரங்க. கண்ணத் தொறந்து பாத்துக்கிட்டு நிக்க அவங்களுக்கு எங்க நேரம் இருக்கு?"

அஃப்னா சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நெத்தியில கல்லு வேற வச்சிரிக்கீங்க. சரி அக்கா. அடுத்த பெட்டி தாரன். இதே மாதிரி, தலைவிக்கு மட்டும் கண்."

நாகலெட்சுமி, 'தலைவிக்கும் வேண்டாம் தாயே' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, புதுப் பெட்டியை இறுக்கிப் பிடித்தபடி வீட்டுக்கு வந்தாள்.

காளியாயி இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தாள். பெட்டியைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மடியிலிருந்து அந்தப் பொட்டலத்தை எடுத்தாள். நாகலெட்சுமி வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். கிழவி நூலைப் பிரித்த நிதானத்தைப் பார்த்திருந்தால் நல்லமுத்துவே பொறாமைப்பட்டிருப்பார். இலை விரிந்தது. வாடிய செம்பருத்தி.

"இதுலயும் செவப்பு" என்றாள் காளியாயி.

நாகலெட்சுமி புதுப் பெட்டியை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"காலையில கைல எடுக்கறப்பவே தெரியும்டி. எலக் கிழிசல்ல செவப்பு எட்டிப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. சாமிய ஏமாத்தறதுன்னாலும் ஒரு பொறும வேணாமா?"

"அப்ப ஏன் அத்த ஒண்ணும் சொல்லல?"

"நான் எதுக்குச் சொல்லணும்? இடுப்பு வலிக்குதுன்னு ஒன்னயக் கட்டச் சொன்னது யாரு?" காளியாயி பூவைக் கையில் உருட்டினாள். "மெஷின் வந்தா வைக்க இங்க எங்க எடம் இருக்கு? அந்தப் புள்ளயக் குளிப்பாட்டித் தலை பின்ன எனக்குத் தெம்பும் இல்ல. போன எடு. அந்த ஏஜென்ட்டுக்குப் போடு."

நாகலெட்சுமி எடுத்துப் போட்டாள். வாயைத் திறப்பதற்குள் மாமியார் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"தம்பி, நாகலெட்சுமியோட மாமியா பேசுறேன். அவ வரல. பாஸ்போட்ட எடுத்து வைங்க, நாளைக்கு வந்து வாங்கிக்குவா... என்னா? திடீர்னு எல்லாம் இல்ல தம்பி. மொறப்படி சாமிகிட்டப் பூக் கட்டிப் பாத்தோம். ரெண்டு பூவுமே வேணாங்குது."